பெட்ரோல் ஒழுகும் பழைய ராணுவ வண்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

போர்க்கால வண்டிகளைப் பாதுகாத்து வைத்திருப்போரிடமிருந்து கேள்விகளை வரவேற்று சென்ற மாதம் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்ரோல் டேப் (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), கார்புரேட்டர் வால்வு ஆகியவற்றின் ஒழுக்கைப் பற்றியே அமைந்திருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: எங்கள் ஐயா ராணுவ ஏலத்தில் எடுத்த 1944-ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. கல்யாணம், படைப்பு என்று வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கிறோம். ஓட்டிவிட்டு நிறுத்தினால் கார்புரேட்டரின் மேலிருந்து பெட்ரோல் வழிகிறது. நீடில் வால்வைப் புதிதாக மாற்றிய பிறகும் ஒழுக்கு நின்றபாடில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பெட்ரோல் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டீர்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. கசியும் பெட்ரோல் குழாயின் அடிப்புறத்தை ஒட்டியே ஊர்ந்துபோய், எங்கோ தாழ்வாக இருக்கும் ஒரு திருகின் முனையில் சொட்டும்; பழி அந்தத் திருகின் மேல் விழும். ஆகவே, காலையில் வெயில் ஏறுவதற்கு முன், ஆறிய என்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே கார்புரேட்டரையும் அதற்கு வரும் குழாயையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, இணைப்புகளின் மேல் சாக்பீஸ் பொடியை லேசாகத் தூவிப் பாருங்கள். பொடி முதலில் நனைந்து நிறம் மாறும் இடம்தான் ஊற்றுக்கண்.

காலைக் குளிர்ச்சியில் ஒரு சொட்டும் விழாமல், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திய பிறகு மட்டும் வழிகிறது என்றால், உங்கள் வால்வு பெரும்பாலும் நிரபராதி. இந்த 2.2 லிட்டர் என்ஜினில் உள்ளிழுக்கும் குழாய்த்தொகுதியும் புகைபோக்கித் தொகுதியும் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கின்றன. கார்புரேட்டர் அந்தச் சூட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது விசிறிக் காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அந்த இரண்டும் நின்றுபோவதால், கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் கொதித்துப் பொங்கி வெளியே வருகிறது. கார்புரேட்டருக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையில் வெப்பம் தடுக்கும் தடித்த பேக்கிங்கைப் போடுவதும், பெட்ரோல் குழாய் புகைபோக்கித் தொகுதிக்கு மிக நெருக்கமாகப் போகிறதா என்று பார்த்து விலக்கி அமைப்பதும் இதற்கான மருந்து. வால்வை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

காலையிலும் ஒழுகுகிறது என்றால் கோளாறு வால்வின் சுற்றுப்புறத்தில்தான். ஜீப்பின் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தாழ்வாக இருப்பதால், பெட்ரோல் தானாக இறங்கி வருவதில்லை. என்ஜினோடு சேர்ந்து இயங்கும் பம்ப்தான் அதை மேலே தள்ளுகிறது. நின்ற பிறகும் குழாயில் அந்த அழுத்தம் சிறிது நேரம் தேங்கியிருக்கும். அதை அடைத்துப் பிடிக்க வேண்டியது கூம்பு முனையுள்ள நீடிலும், அது போய் உட்காரும் துளையான ‘சீட்டும்’. நீடிலை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சீட்டை அப்படியே விட்டிருந்தால், பழைய நீடில் பதித்த தழும்பின் மேல் புதிய நீடில் சரியாக உட்காராது. இரண்டையும் ஒரே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டு நீடிலைத் தேய்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதனால் கூம்பில் வளையம் போன்ற பள்ளம் விழுவதுதான் மிச்சம்.

ஜோடியாக மாற்றியும் ஒழுகினால், சீட்டின் அடியில் இருக்க வேண்டிய மெல்லிய வாஷரைத் தேடுங்கள். கழற்றும்போது அது கீழே விழுந்து காணாமல் போவதும், யாரும் அதைப் பொருட்படுத்தாமல் சீட்டை இறுக்கிவிடுவதும் அடிக்கடி நடப்பதுதான். வாஷர் இல்லாதபோது பெட்ரோல் நீடிலின் வழியே வராமல் சீட்டின் மரையைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் புகுந்துவிடும். நீடில் எவ்வளவு நேர்த்தியாக அடைத்தாலும் பயனில்லை. உதிரிபாகக் கடையில் ‘ஜீப் கிட்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மகிந்திரா நிறுவனம் 1947 முதல் இந்தியாவில் தந்த ஜீப்புகளில் பிற்காலத்து என்ஜின்களும் கார்புரேட்டர்களும் வேறு. உங்கள் போர்க்கால வண்டிக்கு உரியது கார்ட்டர் டபிள்யூ.ஓ. வகை, பெயர் சொல்லிக் கேளுங்கள். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டியதால், இவற்றின் உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

அடுத்தது, கிண்ணத்தில் பெட்ரோல் ஏறும்போது உயர்ந்து நீடிலை மூடும் மிதவை. பித்தளை மிதவையின் ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பெட்ரோல் உள்ளே புகுந்து, மிதவை கனத்து, நீடிலை மேலே தூக்காமல் விட்டுவிடும். காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். பிறகு வெந்நீரில் அமிழ்த்துங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, விரிசல் உள்ள இடத்தில் குமிழி விடும். அந்த இடத்தைப் பற்றவைப்பதற்கு முன் உள்ளே போன பெட்ரோல் முழுவதும் வெளியேறி ஆவியும் நீங்கியிருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடான இரும்பை வைத்தால் மிதவை கையிலேயே வெடிக்கும். பற்றும் மெல்லியதாக இருக்கட்டும், ஏனெனில் ஈயத்தின் எடையும் மிதவையின் கணக்கில் சேரும். இந்த கார்புரேட்டருக்கு மிதவை மட்டம் 3/8 அங்குலம்.

எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் மேசையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். கார்புரேட்டர் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவை தன் எடையால் நீடிலை அழுத்தும்படி வைத்து, பெட்ரோல் நுழையும் வாயில் ஒரு மீட்டர் உயரமுள்ள கண்ணாடிபோன்ற டியூபைப் பொருத்தி அதில் பெட்ரோலை நிரப்புங்கள். ஒரு மீட்டர் உயரப் பெட்ரோல் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். கால் மணி நேரத்தில் டியூபில் மட்டம் இறங்கினால் ஜோடி சரியில்லை என்று பொருள். இந்தச் சிறிய அழுத்தத்தையே தாங்காதது, இதைவிட அதிகமாகத் தள்ளும் பம்பை நிச்சயமாகத் தாங்காது. வண்டி எளிதாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று இடையில் யாராவது மின்சாரப் பம்ப் வைத்திருந்தால், அதன் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள்.

கடைசியாக, என்ஜின் ஆயில் அளவுகோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தாலோ, ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ, பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் கீழே ஆயிலில் கலக்கிறது என்று கொள்ளலாம்; கார்புரேட்டரில் வழிந்த பெட்ரோல் உள்ளே இறங்கியும் இது நேரலாம். எதுவானாலும் அந்த ஆயிலோடு வண்டியை ஒரு தெரு தூரம்கூட ஓட்ட வேண்டாம்.

*

கேள்வி: வீட்டுக்குள் கார் ஷெட்டில் நிற்கும் பழைய ஜீப்பிலிருந்து எப்போதும் லேசான பெட்ரோல் வாசம் வருகிறது. ‘பழைய வண்டி என்றால் அப்படித்தான்’ என்கிறார் வீட்டுக்காரர். ஆயுத பூஜையன்று அதற்கு முன்னால் சூடம் ஏற்றுவது வழக்கம். பயப்பட வேண்டுமா?
— வாசகி, ஆத்தங்குடி

பதில்: பயப்பட வேண்டும், அம்மா. பழைய வண்டி என்றாலும் மூடிய நிலையில் வாசம் வரக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தரையாகப் பரவி, நிலைப்படி தடுக்கும் இடத்திலும் பள்ளத்திலும் தேங்கும். சூடத்தைச் சக்கரத்தின் முன் தரையில் ஏற்றுவதுதான் நம் வழக்கம் என்பதை நினைத்துப் பாருங்கள். வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, ஷெட்டின் கதவுகளைத் திறந்துவைத்து, பூஜையை வண்டிக்குச் சில அடி தள்ளி வைத்துக்கொள்ளலாம். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒழுக்கைச் சரிசெய்ய மெக்கானிக் வரும் நாளிலும் சில விஷயங்களை நீங்களே கவனிக்கலாம். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோலைப் பிளாஸ்டிக் வாளியில் வடிக்க விட வேண்டாம். மூடியுள்ள தகர டின் வேண்டும். ஷெட்டில் தொங்கும் குண்டு பல்பு உடைந்து விழுந்தாலே போதும் தீப்பிடிப்பதற்கு. ஆகவே பகல் வெளிச்சத்தில், வெட்டவெளியில் வேலை நடக்கட்டும். பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும்.

*

கேள்வி: என்னிடம் போர்க்கால பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் இருக்கிறது. துரு பிடிக்கக் கூடாது என்பதற்காக, ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து துடைத்து வைத்துவிடுகிறேன். ஆனால் மறுபடி பெட்ரோல் ஊற்றியதும் டேப் அடைபடாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு கவனமாக இருந்தும் ஏன் இப்படி?
— வாசகர், தேவகோட்டை

பதில்: அந்தக் கவனம்தான் காரணம். 496 சி.சி. என்ஜின் கொண்ட எம்20, 1937 முதல் 1955 வரை உற்பத்தியில் இருந்த வண்டி. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் ஈவார்ட்ஸ் வகையைச் சேர்ந்த, இழுத்துத் தள்ளும் பெட்ரோல் டேப்பைத்தான் பார்க்கிறோம். பித்தளைக் குழலுக்குள் ஒரு தண்டு. அந்தத் தண்டின் மேல் உருளையாகக் கோத்த தக்கை. பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது அந்தத் தக்கை ஒன்றே. அது ஈரத்தில் ஊறியிருக்கும் வரைக்கும் குழலின் சுவரை நெருக்கிப் பிடிக்கும், உலர்ந்தால் சுருங்கும். தேவகோட்டைக் கோடையில் காலி டேங்கோடு மூன்று மாதம் நிற்கும் வண்டியில் தக்கை சுருங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டேப்பைக் கழற்றிப் பிரிப்பது கடினமான வேலையன்று. பக்கவாட்டில் உள்ள சிறிய நிறுத்துத் திருகை எடுத்தால் தண்டு வெளியே வந்துவிடும். அந்தத் திருகு கடுகளவுதான் இருக்கும். வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். தக்கையைப் பாருங்கள். நீளவாக்கில் கோடுகள் விழுந்திருந்தாலோ, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. முழுசாக இருந்தால், கொதிக்கும் நீரில் சில நிமிடங்கள் போட்டு வையுங்கள். கண் பார்க்க அது பருத்து, சுருக்கம் நீங்கி, மேற்பரப்பு வழவழப்பாகும். எடுத்து மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு, நேராக அழுத்தாமல் லேசாகத் திருகியபடி குழலுக்குள் செலுத்துங்கள். குழலின் பக்கத்துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதுத் தக்கையையும் அது சீவிவிடும் என்பதால், அந்த விளிம்பை மிக மெல்லிய எமரித் தாளால் முன்கூட்டியே மழுக்கிவைப்பது நல்லது. பிறகு டேப்பை வண்டியில் மாட்டாமல், ஒரு புனலோடு பொருத்திப் பெட்ரோல் ஊற்றி, கீழே ஒரு கிண்ணத்தை வைத்து, காற்றோட்டமான இடத்தில் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் கிண்ணம் உலர்ந்திருந்தால் மாட்டலாம்.

கிரீஸ் தடவினால் ஒழுக்கு நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். சாதாரண கிரீஸை பெட்ரோல் கரைத்துவிடும்; கரைந்தது கார்புரேட்டரின் ஜெட்டில் போய் உட்காரும்.

தக்கையே வேண்டாம் என்றால், தண்டில் லேத்தில் பள்ளம் கடைந்து, ஓ-ரிங் போட்டுக்கொள்ளலாம். நான் அதைத்தான் விரும்புவேன், ஏனென்றால் டேப்பின் வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். கண்காட்சியில் எந்த நடுவரும் உள்ளே எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஓ-ரிங் வைட்டன் ரப்பராக இருக்க வேண்டும். குழாய்ப் பொருத்தும் கடையில் கிடைக்கும் சாதாரண ரப்பர் வளையம் பெட்ரோலில் உப்பி, தண்டையே நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

தக்கையோடுதான் வைத்திருப்பேன் என்பது உங்கள் முடிவானால், டேங்கை முழுவதும் நிரப்பி நிறுத்துங்கள். தக்கையும் ஊறியிருக்கும், டேங்கின் உள்சுவரில் காற்றுப் படாததால் துருவும் குறையும். இன்றைய பெட்ரோல் பல மாதங்களுக்குக் கெடாமல் நிற்காது என்பதால், இடையிடையே ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. வண்டி ஓட வேண்டியதுதானே!

*

கேள்வி: போர்க்கால டாட்ஜ் டிரக் ஒன்றைப் புதுப்பித்து வருகிறேன். எரிபொருள் பாதையில் உள்ள பித்தளை டேப்பில் இரண்டு இடங்களில் கசிவு. மரையில் கசிந்ததால் புதிய இணைப்பை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். மூன்று சுற்றுக்கு மேல் போகாமல் இறுகிவிடுகிறது. டெஃப்லான் நாடா சுற்றியும் கசிகிறது. கைப்பிடியின் அடியிலும் ஈரம் இருக்கிறது.
— வாசகர், காரைக்குடி

பதில்: மூன்று சுற்றில் இறுகுவதே விடையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் டிரக் அமெரிக்க வண்டி. அதன் குழாய் மரை என்.பி.டி. அளவு. நம் ஊர் லேத் பட்டறையில் குழாய் மரை என்றால் கைப்பழக்கமாகக் கடைவது பிரிட்டிஷ் அளவான பி.எஸ்.பி. கால் அங்குலக் குழாயில் அமெரிக்க மரைக்கு அங்குலத்துக்கு 18 சுற்று, பிரிட்டிஷ் மரைக்கு 19. அரைக்கால் அங்குலத்தில் 27-க்கு 28. மரையின் கோணமும் 60 டிகிரிக்கு 55 டிகிரி. முதல் சில சுற்றுகள் பொருந்துவதுபோல் போய், பிறகு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். இன்னும் பலமாக இறுக்கினால் டேப்பின் உடல் வெடிக்கும், இல்லையேல் டேங்கின் பக்கமுள்ள மரை நாசமாகும். மரை அளவைக் காட்டும் கேஜை வைத்துப் பார்த்து, என்.பி.டி. மரையில் மறுபடி கடையச் சொல்லுங்கள்.

டெஃப்லான் நாடா தண்ணீர்க் குழாய்க்கு நல்லது. பெட்ரோல் பாதையில் அதன் பிசிறுகள் கிழிந்து சென்று, கார்புரேட்டரின் நீடில் மூடவிடாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒரு கசிவை நிறுத்தப் போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்வீர்கள். கூம்பு மரைக்குப் பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட் போதும். அதையும் முதல் இரண்டு சுற்றுகளில் தடவாமல் விடுங்கள். வாஷரால் அடைபடும் நேர் மரையில் சீலன்ட் எதுவுமே தேவையில்லை. வாஷர் உட்காரும் முகம் சமமாக இருக்கிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது.

கைப்பிடியின் அடியில் உள்ள ஈரம் வேறு சங்கதி. கூம்பு வடிவப் பித்தளை அடைப்பு தேய்ந்திருக்க வேண்டும். அதைக் கழற்றி, கூம்பின் மேல் பென்சிலால் நீளவாக்கில் நான்கைந்து கோடுகள் போட்டு, உள்ளே வைத்து அரைச் சுற்று திருப்பி எடுங்கள். கோடு அழிந்த இடத்தில் உலோகம் ஒட்டுகிறது. அழியாத இடத்தில் இடைவெளி இருக்கிறது. பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷைத் தடவி, முன்னும் பின்னுமாகத் திருப்பி, அடிக்கடி தூக்கி இடம் மாற்றி வைத்துத் தேய்த்தால், கோடுகள் முழு நீளத்துக்கும் அழியும் நிலைக்கு வரும். முரட்டு கிரைண்டிங் பேஸ்ட் வேண்டாம்; அதன் துகள்கள் மென்மையான பித்தளையில் புதைந்துகொண்டு, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அறுக்கும். முடிந்ததும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். அடியில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இத்தனை உழைப்பும் வீண் என்பதால் அதையும் மாற்றிவிடுங்கள்.

*

கேள்வி: வழியில் டேங்கின் அடியில் ஒழுகினால் பார் சோப்பைத் தேய்த்தால் நிற்கும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: உண்மைதான். சோப்பு பெட்ரோலில் கரையாது. ஊசித் துளையையும் மரைக் கசிவையும் வீடு போய்ச் சேரும் வரை அடைத்து வைக்கும். தண்ணீரில் கரையும் என்பதால் மழையில் நம்பாதீர்கள். வீடு வந்ததும் டேங்கை இறக்கிவிடுங்கள். பெட்ரோல் இருந்த டேங்கை, காலியாகத்தானே இருக்கிறது என்று நம்பிப் பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஆவி நிறைந்த காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

*

கேள்வி: ராணுவத்திலிருந்து ஏலத்தில் வந்த ஜோங்கா வைத்திருக்கிறேன், பெட்ரோல் என்ஜின். பல ஆண்டுகள் ஒழுக்கே இல்லாமல் இருந்த வண்டியில், அண்மைக்காலமாக மூட்டுக்கு மூட்டு கசிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஜோங்கா, நிசான் பேட்ரோலின் உரிமத்தில் ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை கட்டப்பட்ட வண்டி; அது கட்டப்பட்டபோது 20 விழுக்காடு எத்தனாலை யாரும் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவது நியாயமாகாது, ஏனெனில் அந்த வயதில் ரப்பர் தானாகவே வெடிக்கும். ஆனாலும் ஒரே சமயத்தில் பல மூட்டுகள் கசிவதைப் பார்க்கும்போது, உங்கள் சந்தேகத்தில் பொருள் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

பழைய மெக்கானிக்குகள் பேக்கிங்குகளை ஷெல்லாக் தடவித்தான் ஒட்டினார்கள். ஷெல்லாக் என்பது அரக்கு. பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். தச்சர் மேசைக்கு பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதும் இதே காரணத்தால்தான். எத்தனாலும் ஆல்கஹால் ஆதலால், நாற்பது ஆண்டுகள் இறுகப் பிடித்திருந்த மூட்டு இப்போது மெல்ல விட்டுக்கொடுக்கிறது. சில வண்டிகளில் பெட்ரோல் அளவு காட்டும் கருவியில் அரக்குப் பூசிய தக்கை மிதவை இருப்பதுண்டு. அந்தப் பூச்சும் உரிந்து, பிசினாக வால்வில் வந்து ஒட்டும். நீடிலின் முனையில் பழுப்பு நிறப் பசை கண்டால் அதை நினைவில் கொள்ளுங்கள்.

எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி மழையில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் அந்த நீர் பிரிந்து அடியில் தங்கி, துத்தநாகக் கலவையால் வார்த்த டேப்பையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் அரிக்கும். கழற்றும்போது வெள்ளைப் பொடி உதிர்வது அதன் அடையாளம். அரித்துப்போன முகத்தில் எந்த பேக்கிங்கும் அடைக்காது, பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

ஒவ்வொரு மூட்டாகத் துரத்திக்கொண்டிராமல், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸ்களையும் பேக்கிங்குகளையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகையின் உட்சுவர் எத்தனாலைத் தாங்கும். மீட்டருக்கு விலை கூடுதல்தான். கிளிப்பை அளவோடு இறுக்குங்கள், பல் ஹோஸுக்குள் இறங்கக் கூடாது. மாற்றியபின் முதல் வாரம் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கறை விழுந்தால் அதற்கு நேர் மேலே உள்ள மூட்டிலிருந்து தேடத் தொடங்கலாம்.